வேலையை விட்டுட்டு பிஎச்டி சேரலாமா? சமூகப்பணி ஆய்வுக்கு முன் சந்தாபுராவாசிகள் போட வேண்டிய கணக்கு

எம்எஸ்டபிள்யூ முடித்து நாலைந்து வருஷம் ஆகிவிட்டது. தொண்டு நிறுவனத்திலோ, ஒரு கம்பெனியின் சிஎஸ்ஆர் பிரிவிலோ, மருத்துவமனையில் மெடிக்கல் சோஷியல் வொர்க்கராகவோ வேலை. பொம்மசந்திராவிலோ எலெக்ட்ரானிக் சிட்டியிலோ ஆபீஸ், சந்தாபுராவில் வாடகை வீடு. "பிஎச்டி பண்ணிடலாமா?" என்ற கேள்வி அப்பப்போ தலைகாட்டுகிறது. உங்கள் நிலை இதுதான் என்றால் மேலே படிக்கலாம்.

அந்தக் கேள்வி உங்களுக்கு மட்டும் வரவில்லை. மத்திய அரசின் அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி 2014-15-ல் நாட்டில் பிஎச்டி படித்துக்கொண்டிருந்தவர்கள் சுமார் 1.17 லட்சம் பேர். 2021-22-ல் அது 2.12 லட்சம். பெண்களின் எண்ணிக்கை ஏறக்குறைய 48 ஆயிரத்திலிருந்து 99 ஆயிரமாகி, ஏழே ஆண்டில் இரட்டிப்பாகிவிட்டது. கூட்டம் கூடினால் நல்ல வழிகாட்டிகளுக்கான போட்டி கூடும். காசுக்குப் பட்டம் விற்பவர்களும் கூடுவார்கள்.

சமூகவியல் வேறு, சமூகப்பணி வேறு

நேர்காணலில் பலர் தடுமாறும் இடம் இது. ஒரு குடியிருப்பில் பெண் பிள்ளைகள் ஏன் 10-ம் வகுப்போடு நிற்கிறார்கள் என்று சமூகவியல் ஆய்வு கேட்கலாம். காரணம் தெரிந்தால் ஆய்வு நிறைவடைந்துவிடும். சமூகப்பணி ஆய்வு அடுத்த கேள்வியையும் கேட்டாக வேண்டும்: யார் என்ன செய்தால் அந்தப் பிள்ளை 11-ம் வகுப்புக்குப் போகும், அப்படிச் செய்த இடத்தில் உண்மையிலேயே போயிற்றா? தலையீடு, சேவை, கொள்கை என ஏதோ ஒன்றோடு ஆய்வு முட்டி நிற்கணும். கள அனுபவம் உள்ளவர்களுக்கு இந்தத் துறையில் மதிப்பு இருப்பதற்கும் இதுதான் காரணம்.

இந்தியாவில் இந்தப் படிப்புக்கு வயது தொண்ணூறு ஆகிறது. 1936-ல் மும்பையில் சர் தோராப்ஜி டாடா பெயரில் தொடங்கிய முதுநிலைப் பள்ளிதான் இன்றைய டிஸ். சென்னையில் மேரி கிளப்வாலா ஜாதவ் 1952-ல் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் வொர்க்கைத் தொடங்கினார். கர்நாடகத்தில் மங்களூருவின் ரோஷ்ணி நிலையா 1960-ல் வந்தது. இத்தனை வருஷம் ஆகியும் வக்கீலுக்கு பார் கவுன்சில் இருப்பதுபோல் சமூகப்பணியாளர்களுக்கென்று தனியாக ஒரு தேசிய கவுன்சில் இல்லை. உங்கள் பிஎச்டியின் தரத்துக்கு யுஜிசி விதிதான் அளவுகோல். அதனால் அந்த விதியை நீங்களே ஒருமுறை படித்துவிடுவது நல்லது.

2022 விதி என்ன சொல்கிறது?

இப்போது நடப்பில் இருப்பது 2022 நவம்பரில் அறிவிக்கப்பட்ட யுஜிசி பிஎச்டி ஒழுங்குமுறைகள். முதுநிலையில் 55 சதவீதம் இருந்தால் விண்ணப்பிக்கலாம். எஸ்சி, எஸ்டி, கிரீமி லேயரில் வராத ஓபிசி, மாற்றுத்திறனாளிகள், பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினருக்கு 5 சதவீதத் தளர்வு உண்டு. நான்காண்டு இளநிலைப் பட்டத்தில் 75 சதவீதம் எடுத்தவர்கள் முதுநிலை இல்லாமலே வரலாம் என்கிறது விதி. ஆனால் சமூகப்பணித் துறைகள் பொதுவாக எதிர்பார்ப்பது எம்எஸ்டபிள்யூதான். வேறு பாடத்தில் எம்ஏ படித்தவரை ஏற்பார்களா என்பது ஒவ்வொரு பல்கலைக்கழகத்தின் அறிவிக்கையைப் பொறுத்தது.

குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 6 ஆண்டு. மறுபதிவு செய்தால் இன்னும் 2 ஆண்டு கிடைக்கும். பெண்களுக்கும், 40 சதவீதத்துக்கு மேல் குறைபாடுள்ள மாற்றுத்திறனாளிகளுக்கும் அதற்கு மேலும் 2 ஆண்டு, ஆக மொத்தம் 10 ஆண்டு வரை போகலாம். மகப்பேறு மற்றும் குழந்தைப் பராமரிப்பு விடுப்பு 240 நாள் வரை உண்டு. இன்னொரு பிரிவு அதிகம் பேசப்படுவதில்லை: திருமணத்தாலோ வேறு காரணத்தாலோ ஊர் மாறும் பெண் ஆய்வாளர், தன் ஆய்வுத் தரவுகளோடு வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறிக்கொள்ளலாம். "கல்யாணம் ஆனா என்ன பண்றது" என்று வீட்டில் கேட்டால் காட்டுவதற்கு இந்தப் பிரிவு உதவும்.

ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் இதழில் கட்டுரை வெளியிட்டாக வேண்டும் என்ற பழைய 2016 விதியின் கட்டாயம் இப்போது யுஜிசி அளவில் இல்லை. சில பல்கலைக்கழகங்கள் தங்கள் சொந்த விதியாக அதை வைத்திருக்கின்றன. சேரும் முன் கேட்டுவிடுங்கள். இல்லையென்றால் ஐந்தாம் வருஷத்தில் காசு கேட்கும் போலி இதழ்களின் வாசலில் நிற்க வேண்டியிருக்கும்.

நெட் எழுதணுமா?

2024-25 முதல் நெட் மதிப்பெண்ணையே பிஎச்டி சேர்க்கைக்கும் பயன்படுத்தலாம் என்று யுஜிசி மாற்றியது. தேர்வு எழுதித் தேறுபவர்கள் மூன்று வகை. முதல் வகைக்கு ஜேஆர்எஃப் உதவித்தொகை, உதவிப் பேராசிரியர் தகுதி, பிஎச்டி சேர்க்கை மூன்றும் உண்டு. இரண்டாம் வகைக்கு உதவித்தொகை கிடையாது, மற்ற இரண்டும் உண்டு. மூன்றாம் வகைக்கு பிஎச்டி சேர்க்கைத் தகுதி மட்டும். இரண்டாம், மூன்றாம் வகைக்கு நெட் மதிப்பெண்ணுக்கு 70 சதவீத எடை, நேர்காணலுக்கு 30 சதவீதம். பிஎச்டி சேர்க்கைக்கு அந்த மதிப்பெண் ஓராண்டுக்கு மட்டுமே செல்லும்.

சமூகப்பணிக்கு நெட்டில் பாட எண் 10. முதல் தாளில் 50 கேள்வி, இரண்டாம் தாளில் 100 கேள்வி, மொத்தம் 300 மதிப்பெண், 3 மணி நேரம், தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு இல்லை. ஆண்டுக்கு இருமுறை நடக்கும். அட்டவணையை மட்டும் நம்பித் திட்டம் போடாதீர்கள். 2024 ஜூன் 18-ல் நடந்த நெட் மறுநாளே ரத்தாகி, ஆகஸ்ட் 21-ல் தொடங்கி மறுபடி நடந்தது.

ஜேஆர்எஃப்புக்கு வயது வரம்பு 30. பெண்கள், எஸ்சி, எஸ்டி, கிரீமி லேயரில் வராத ஓபிசி, மாற்றுத்திறனாளிகள், மூன்றாம் பாலினத்தவருக்கு 5 ஆண்டு தளர்வு. இப்போது 29 வயதா? அப்படியானால் "அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்பதற்கு நீங்கள் கொடுக்கும் விலை, கீழே வரும் தொகை.

பணக் கணக்கு

2023 ஜனவரி முதல் ஜேஆர்எஃப் மாதம் 37,000 ரூபாய். இரண்டாண்டு கழித்து மதிப்பீட்டில் தேறினால் எஸ்ஆர்எஃப், மாதம் 42,000. இரண்டு ஆண்டும் மூன்று ஆண்டும் சேர்த்தால் 8.88 லட்சமும் 15.12 லட்சமும், ஆக ஐந்தாண்டில் 24 லட்சம். விடுதியில் தங்காதவர்களுக்கு வீட்டு வாடகைப் படி தனி.

உதாரணத்துக்கு உங்கள் சம்பளம் இப்போது 45,000 என்று வைப்போம். ஐந்தாண்டில் சம்பள உயர்வே இல்லாவிட்டாலும் 27 லட்சம். ஜேஆர்எஃப் இருந்தால் இடைவெளி 3 லட்சம்தான். பெங்களூரு வாடகைப் படி அதை அடைத்துவிடும். வேலையை விடலாம், பெரிய நஷ்டமில்லை. ஜேஆர்எஃப் இல்லாமல் ஒரு மத்தியப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தால் நான்-நெட் உதவித்தொகை மாதம் 8,000, அதாவது ஆண்டுக்கு 96,000. சந்தாபுராவில் ஒரு சின்ன வீட்டு வாடகைக்கே அது போய்விடும். தனியார் பல்கலைக்கழகத்தில் உதவித்தொகையும் இல்லாமல், கட்டணமும் கட்டிச் சேர்ந்தால் 27 லட்ச ரூபாய் வருமானத்தை இழந்து, மேலே கையிலிருந்தும் செலவழிக்கிறீர்கள். ஒரே பட்டம்தான். இந்த மூன்று வழிகளுக்கும் இடையே ஒரு பிளாட்டின் முன்பணம் அளவுக்கு வித்தியாசம் இருக்கிறது.

ஐசிஎஸ்எஸ்ஆர் முனைவர் பட்ட உதவித்தொகைக்கு சமூகப்பணி ஆய்வாளர்களும் விண்ணப்பிக்கலாம். எஸ்சி, எஸ்டி, ஓபிசி மாணவர்களுக்கான தேசிய உதவித்தொகைகள் இருக்கின்றன. வீட்டின் ஒரே மகளாக இருப்பவர்களுக்கு சாவித்ரிபாய் ஜோதிராவ் புலே பெயரில் யுஜிசி திட்டம் உண்டு. சிறுபான்மையினருக்கான மௌலானா ஆசாத் உதவித்தொகை 2022-23 முதல் புதியவர்களுக்கு நிறுத்தப்பட்டுவிட்டது. பழைய வலைப்பக்கங்களைப் பார்த்து அதை நம்பிவிடாதீர்கள். இவை எல்லாமே முழுநேர ஆய்வாளர்களுக்கானவை என்பதையும் மறக்க வேண்டாம்.

வேலையில் இருந்துகொண்டே படிக்கலாமா?

படிக்கலாம். 2022 விதி பகுதிநேர பிஎச்டியை அனுமதிக்கிறது. அதற்கு உங்கள் நிறுவனத்திடமிருந்து என்ஓசி வேணும், அதில் மூன்று விஷயம் இருக்கணும். பகுதிநேரமாகப் படிக்க அனுமதி உண்டு, அலுவல் வேலை ஆய்வுக்குப் போதிய நேரம் விடுகிறது, தேவைப்பட்டால் கோர்ஸ் வொர்க்குக்காகப் பணியிலிருந்து விடுவிப்போம். மூன்றாவது வரியில்தான் ஹெச்ஆர் கையெழுத்துப் போடத் தயங்கும். விண்ணப்பத்துக்கு முன்பே வாய்மொழியாகப் பேசி, ஈமெயிலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கோர்ஸ் வொர்க் குறைந்தது 12 கிரெடிட். ஒரு கிரெடிட்டுக்கு 15 வகுப்பு மணி நேரம் என்ற வழக்கமான கணக்கில் 180 மணி நேரம். ஆய்வு அறநெறி பற்றிய தாள் அதில் கட்டாயம். 55 சதவீதம் எடுத்தால்தான் தொடர முடியும்.

அப்புறம் பயணம். 2025 ஆகஸ்டில் திறந்த மெட்ரோ மஞ்சள் தடம் பொம்மசந்திராவில் தொடங்கி ஆர்.வி. ரோடு வரை 19.15 கிலோமீட்டர் ஓடுகிறது. அங்கே பச்சைத் தடத்துக்கு மாறி, மெஜஸ்டிக்கில் ஊதாத் தடம் பிடித்தால் பெங்களூரு பல்கலைக்கழகத்தின் ஞானபாரதி வளாகத்துக்குப் போய்விடலாம். சமூகப்பணித் துறை அந்த வளாகத்தில்தான். ஓசூர் சாலையிலேயே நகரை நோக்கிப் போனால் கிறைஸ்ட் பல்கலைக்கழகமும், மனநல சமூகப்பணிக்குப் பெயர்பெற்ற நிம்ஹான்ஸும் அடுத்தடுத்து வரும். வீட்டுக்குப் பக்கத்தில் சந்தாபுரா–ஆனேக்கல் சாலையில் அலையன்ஸ் பல்கலைக்கழகம் இருக்கிறது. பக்கத்தில் இருக்கிறது என்பதற்காக மட்டும் எந்தப் பல்கலைக்கழகத்தையும் தேர்ந்தெடுக்க வேண்டாம். வகுப்புக்குப் போவது முதல் வருஷத்தோடு பெரும்பாலும் முடிந்துவிடும், வழிகாட்டியோடு ஆறு வருஷம் ஓட்டணும்.

ஏன் சீட் இரண்டோ மூன்றோதான் இருக்கிறது?

ஒரு பேராசிரியர் ஒரே நேரத்தில் 8 பேருக்கும், இணைப் பேராசிரியர் 6 பேருக்கும், உதவிப் பேராசிரியர் 4 பேருக்கும் மட்டுமே வழிகாட்டலாம். ஒரு பேராசிரியர், ஒரு இணைப் பேராசிரியர், மூன்று உதவிப் பேராசிரியர்கள் உள்ள துறையில் உச்சபட்சம் 26 ஆய்வாளர்கள். ஒரு வருஷத்துக்கு 26 என்று இதைப் படிக்கக் கூடாது, எல்லா வருஷத்து ஆய்வாளர்களும் இதற்குள் அடக்கம். ஒவ்வொருவரும் ஐந்தாறு வருஷம் எடுத்தால், வருஷத்துக்கு நாலைந்து இடம் காலியானாலே பெரிசு. ஓய்வுபெற மூன்றாண்டுக்கும் குறைவாக இருக்கும் ஆசிரியர் புதிதாக யாரையும் எடுக்க முடியாது. உதவிப் பேராசிரியராக இருந்தால் அவருக்கு பிஎச்டி பட்டமும், ஐந்தாண்டு அனுபவமும், மதிப்பாய்வு இதழ்களில் மூன்று கட்டுரைகளும் இருக்க வேண்டும்.

வழிகாட்டியை எப்படிப் பார்த்து எடுப்பது? ஷோத்கங்கா என்ற தளத்தில் இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகள் இலவசமாகக் கிடைக்கின்றன. வழிகாட்டியின் பெயரைப் போட்டுத் தேடுங்கள். அவரிடம் படித்தவர்கள் எந்த ஆண்டு பதிவு செய்து எந்த ஆண்டு முடித்தார்கள் என்பது பெரும்பாலும் அங்கேயே தெரியும். இரண்டு ஆய்வேடுகளின் முதல் அத்தியாயத்தைப் படித்தால் போதும், அவர் மாணவரைத் திருத்துகிறவரா, கையெழுத்து மட்டும் போடுகிறவரா என்று புரிந்துவிடும். பிறகு இப்போது அவரிடம் படிக்கும் ஒருவருக்கு போன் போடுங்கள். "எழுதிக் கொடுத்தா எத்தனை நாள்ல திருப்பித் தருவாங்க?" என்ற ஒரு கேள்வி போதும்.

தலைப்பு: ஜன்னலுக்கு வெளியே பாருங்கள்

சந்தாபுரா பெங்களூருவின் ஓரத்தில், தமிழ்நாட்டு எல்லைக்குப் பக்கத்தில் இருக்கும் ஊர். ஒருபுறம் பொம்மசந்திரா, ஜிகணி தொழிற்பேட்டைகள், இன்னொருபுறம் அடுக்குமாடிகள். தர்மபுரி, கிருஷ்ணகிரியிலிருந்து வந்த குடும்பங்களும், வட மாநிலங்களிலிருந்து வந்த தொழிலாளர்களும் அடுத்தடுத்த தெருக்களில் வாழ்கிறார்கள். தமிழும் கன்னடமும் இந்தியும் ஓரளவு பேச வரும் ஆய்வாளருக்கு இங்கே கிடைக்கும் களம், நூலகத்தில் உட்கார்ந்து தேடினாலும் கிடைக்காது.

2023 அக்டோபர் 7-ம் தேதி, சந்தாபுராவிலிருந்து அதே நெடுஞ்சாலையில் இருக்கும் அத்திப்பள்ளியில் ஒரு பட்டாசுக் கடை எரிந்தது. குறைந்தது 14 பேர் இறந்தார்கள். தீபாவளி சீசன் வேலைக்கு தமிழ்நாட்டிலிருந்து வந்த இளைஞர்கள், அவர்களில் மாணவர்களும் உண்டு. மாநிலம் விட்டு மாநிலம் வரும் தொழிலாளர்களுக்கென்று 1979-லேயே சட்டம் வந்தது. பத்து நாள், இருபது நாள் வேலைக்கு எல்லை தாண்டி வரும் கல்லூரிப் பையன் எந்தப் பதிவேட்டில் இருக்கிறான்? இறந்த பிறகு இரு மாநிலங்களில் எந்த அலுவலகத்தின் கதவை அவன் குடும்பம் தட்டுகிறது? யார் உதவினால் அந்த அலைச்சல் குறைகிறது? சமூகப்பணியில் இது ஒரு முழு ஆய்வேட்டுக்கான கேள்வி. "புலம்பெயர் தொழிலாளர்களின் சமூகப் பொருளாதார நிலை: ஓர் ஆய்வு" என்ற தலைப்பில் ஏற்கனவே எத்தனையோ ஆய்வேடுகள் வந்துவிட்டன. இன்னொன்று வேண்டாமே.

வேலை பார்க்கும் இடத்திலேயே ஆய்வு செய்ய நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்கணும். நீங்கள் ரேஷன் கிட் கொடுத்த அம்மாவிடமே படிவத்தை நீட்டி "விருப்பம் இருந்தா மட்டும் பதில் சொல்லுங்க" என்றால், அவரால் உண்மையிலேயே மாட்டேன் என்று சொல்ல முடியுமா? அடுத்த மாத கிட் நின்றுவிடுமோ என்று பயப்படுவார். நிறுவன அறநெறிக் குழு உங்களிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். தரவு சேகரிப்பை வேறொருவர் செய்வது, உங்கள் திட்டம் நடக்காத இன்னொரு வார்டைத் தேர்ந்தெடுப்பது, மறுத்தாலும் சேவை தொடரும் என்று நிறுவனத்திடமிருந்தே எழுத்தில் வாங்கி வாசித்துக் காட்டுவது என்று வழிகள் இருக்கின்றன. 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் என்றால் பெற்றோர் சம்மதம் மட்டும் போதாது, பிள்ளையின் ஒப்புதலும் வேண்டும். ஒரு குழந்தை பேட்டியில் பாலியல் துன்புறுத்தலைச் சொல்லிவிட்டால் ரகசியம் காப்பேன் என்று நீங்கள் கொடுத்த வாக்கு அங்கே நிற்காது. போக்சோ சட்டப்படி புகார் அளித்தாக வேண்டும். சம்மதப் படிவத்திலேயே இதைச் சொல்லியிருக்க வேண்டும்.

முடித்தால் என்ன கிடைக்கும்?

பல்கலைக்கழகத்தில் உதவிப் பேராசிரியராக பிஎச்டி கட்டாயம் என்றிருந்த விதியை யுஜிசி 2023 ஜூலையிலிருந்து மாற்றிவிட்டது. நெட், செட் அல்லது ஸ்லெட் போதும், பிஎச்டி விருப்பம்தான். யுஜிசி ஊதிய விகிதத்தில் தொடக்க அடிப்படைச் சம்பளம் 57,700. ஆனால் இணைப் பேராசிரியராக பிஎச்டி இல்லாமல் முடியாது. பல தனியார் கல்லூரிகளில் இந்த விகிதம் காகிதத்தில்தான் என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும். கம்பெனி ஹெச்ஆரிலோ, திட்ட மேலாளர் வேலையிலோ இருந்தால் பட்டத்துக்கென்று தனியாகச் சம்பளம் கூடும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

மனநலத் துறையில் ஒரு சிக்கல் இருக்கிறது. 2017-ன் மனநலப் பாதுகாப்புச் சட்டம், மனநல சமூகப்பணியாளர் என்பவருக்கு எம்எஸ்டபிள்யூவோடு இரண்டாண்டு முழுநேர எம்ஃபில் வேண்டும் என்று வரையறுக்கிறது. 2022 விதியோ எம்ஃபிலையே நிறுத்திவிட்டது. அதனால் மனநல சமூகப்பணிக்கும் மருத்துவ உளவியலுக்கும் மட்டும் 2025-26 வரை சேர்க்கை நடத்த யுஜிசி விதிவிலக்கு தந்தது. மருத்துவமனையில் அந்தப் பொறுப்பில் வேலை செய்ய நினைப்பவர் நேரே பிஎச்டிக்குப் போனால் சட்டம் கேட்கும் மருத்துவப் பயிற்சி கையில் இருக்காது. சேரும் ஆண்டில் நடப்பு அறிவிக்கை என்ன சொல்கிறது என்று பார்த்து முடிவெடுங்கள்.

இவர்களிடம் ஏமாறாதீர்கள்

"ஆன்லைனில் பிஎச்டி, 18 மாதத்தில் பட்டம், தீசிஸ் நாங்களே பாத்துக்கறோம்." இந்த விளம்பரம் உங்கள் போனுக்கும் வந்திருக்கும். தொலைநிலையிலோ ஆன்லைனிலோ பிஎச்டி நடத்த எந்த இந்தியப் பல்கலைக்கழகத்துக்கும் அனுமதி இல்லை. எட்டெக் நிறுவனங்கள் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களோடு சேர்ந்து தரும் ஆன்லைன் பிஎச்டியும் செல்லாது என்று யுஜிசியும் ஏஐசிடிஇயும் 2022 அக்டோபரில் கூட்டாக எச்சரித்தன. மூன்றாண்டுக்குள் முடியும் பிஎச்டி என்று சொன்னாலே அது விதிமீறல்.

நிஜமான பல்கலைக்கழகமாக இருந்தாலும் போதாது. 2025 ஜனவரியில் ராஜஸ்தானின் ஓபிஜேஎஸ், சன்ரைஸ், சிங்கானியா ஆகிய மூன்று பல்கலைக்கழகங்களுக்கு 2025-26 முதல் 2029-30 வரை பிஎச்டி மாணவர்களைச் சேர்க்க யுஜிசி தடை விதித்தது. மூன்றும் பல்கலைக்கழகங்கள்தான், பிஎச்டி விதிகளை மீறியதுதான் குற்றச்சாட்டு.

எழுதித் தருகிறோம் என்பவர்களிடம் போகும் முன் 2018-ன் கல்வி நேர்மை விதியைப் பாருங்கள். பிறர் எழுத்தோடு ஒற்றுமை 10 சதவீதம் வரை இருந்தால் தண்டனை இல்லை. 10-க்கு மேல் 40 வரை என்றால் திருத்தி மறுபடி சமர்ப்பிக்கணும். 40-க்கு மேல் 60 வரை என்றால் ஓராண்டுக்குச் சமர்ப்பிக்கவே முடியாது. 60-ஐத் தாண்டினால் பதிவே ரத்து.

ஆய்வேடு கொடுத்த பிறகு குறைந்தது இரண்டு வெளித் தேர்வாளர்கள் படிப்பார்கள், பிறகு எல்லோர் முன்னிலையிலும் வைவா. சமர்ப்பித்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் இந்த மொத்த வேலையும் முடிய வேண்டும் என்பது விதி. சேரப்போகும் துறையில் போன வருஷம் முடித்தவரிடம், அது உண்மையில் எத்தனை மாதம் ஆயிற்று என்று கேளுங்கள். அந்த எண்ணிக்கையையும் உங்கள் ஆறு வருஷக் கணக்கில் சேர்த்துக்கொண்ட பிறகு விண்ணப்பக் கட்டணத்தைக் கட்டலாம்.